கச்சான் காலத்துத் தணல்

சித்திரை முடிந்து வைகாசி பிறந்தால் எங்கள் பக்கம் கச்சான் எழும். தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மற்றப் பக்கத்து மலைகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாக எங்கள் கரைக்கு இறங்கி வரும். விடியற்காலையில் ஒரு இலைகூட அசையாது. பத்து மணி தாண்டினால் மேற்கிலிருந்து சூடு கிளம்பும். மத்தியானத்தில் பனையோலைகள் ஓயாமல் சரசரக்கும், உதடு வெடிக்கும், கிணற்றடியில் காயப்போட்ட சேலை கால்மணி நேரத்தில் விறைத்துவிடும். எங்கள் ஊர் நிலாவெளி, ஒடுங்கிய நிலம். மேற்கே களப்பும் உப்பளமும், கிழக்கே கடல், நடுவில் புல்மோட்டைக்குப் போகிற வீதி. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. மேற்கே ஒரு பொறி கிளம்பினால் கடலைக் காணும் வரை அதற்குத் தடையில்லை.

என் சிறுவயதில் ஊரின் முக்கால்வாசி வீடுகள் கிடுகு வேய்ந்தவை. வேலிகள் பனையோலை. கடற்கரையில் கரைவலைக்காரரின் வாடிகளும் கிடுகுதான். ஊரே எரிபொருளால் கட்டப்பட்டிருந்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது எங்களுக்கு அது வெயிலுக்குக் குளிர்ச்சியான வீடு, அவ்வளவுதான்.

அம்மம்மா மட்டும் நெருப்புக்குப் பயந்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவர் குமர்ப்பிள்ளை. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் விமானம் ஒன்று வந்து மோத, மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. தெற்கே வானத்தில் அந்தக் கரும்புகை நின்றதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இரவில் அடுப்பை அணைத்தபின் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு இல்லையென்றாலும் ஒரு செம்பு தண்ணீர் தெளிப்பார். "நெருப்பு நித்திரை கொள்ளும், சாகாது" என்பார். நாங்கள் அதைக் கிழவியின் வழக்கம் என்று விட்டிருந்தோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி, ஆடி மாதம். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் வளவுக்கு மேற்குப் பக்கம் சின்னையாவின் வெங்காயத் தோட்டம். இரத்த உறவு இல்லை. அப்பாவுக்கு இளையவர், ஒரே வேலி, அதனால் சின்னையா. வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசாங்கம் இறுக்கியிருந்த காலம் அது. விலை நன்றாக இருந்தது. துலாவிலே தண்ணீர் இறைத்து வளர்த்த வெங்காயத்தால் அவர் தன் மூத்த மகளுக்குத் தோடு செய்துபோட்டிருந்தார். அடுத்த போகத்துக்குத் தோட்டத்தை இன்னும் கொஞ்சம் அகட்ட நினைத்து, மேற்குப் பக்கத்துப் பற்றையை வெட்டிக் குவித்து இரண்டு கிழமை காயவிட்டார். குவியலின் அடியில் பழைய பனங்குற்றி ஒன்றும் கிடந்தது.

அவர் கவலையீனமான மனிசன் இல்லை. பொழுது கிளம்ப முன்னர், காற்று அசையாத நேரம் பார்த்துத்தான் மூட்டினார். பச்சைக் குழையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்ததை நான் வேலிக்கு மேலால் பார்த்தேன். எட்டு மணிபோல நெருப்பு தணிந்தது. மண்வெட்டியால் மண் அள்ளி மூடினார். குளித்து, பழஞ்சோறு சாப்பிட்டு, இரண்டு சாக்கு வெங்காயத்தை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பட்டினத்துச் சந்தைக்குப் போய்விட்டார். மண்ணுக்குக் கீழே பனங்குற்றியின் உள்நார் கனன்றுகொண்டிருந்தது. பனைமரத்தின் குணம் அது. வெளியே கறுத்துக் குளிர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே தணல் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

பதினொரு மணிக்குக் கச்சான் வந்தது.

முதலில் மணம்தான். பிறகு அம்மாவின் கூப்பாடு. நான் வெளியே ஓடிவந்தபோது சின்னையாவின் ஓலைவேலி எரிந்துகொண்டிருந்தது. வேலியைக் கடந்து வந்த தீ எங்கள் வீட்டை விட்டுவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காற்றுக் கொஞ்சம் வடக்கே ஒதுங்கியிருக்க வேண்டும். பக்கத்து ஒழுங்கையில் இருந்த இரண்டு வீடுகள் எரிந்தன. அங்கேயிருந்து எரிகிற ஓலைத் துண்டுகள் தென்னைகளுக்கு மேலாகப் பறந்து வாடிகளின் கூரையில் விழுந்தன. ஆண்கள் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் கிடந்த வலையைக் கைவிடவும் முடியாமல், எரிகிற வாடியைப் பார்க்கவும் முடியாமல் கயிற்றைப் பிடித்தபடியே அவர்கள் கத்தியது என் காதில் இப்போதும் இருக்கிறது. நனைத்த சாக்காலும் குழையாலும் அடித்தார்கள். தோணிக்குள் கிடந்த வாளிகளால் கடல்தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். அங்கே மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்று இருந்தது. அது பிடித்த பிறகு ஒருவரும் கிட்டப் போகவில்லை.

உயிர்ச்சேதம் இல்லை. கட்டையில் கட்டியிருந்த கன்று ஒன்று செத்தது. வாடி வரிசை முழுவதும் போயிற்று. காயப்போட்டிருந்த மாற்று வலை, மடி, தும்புக்கயிறு, கருவாடு, அரிசி எல்லாம். எரிந்த வீடுகளில் ஒன்று கணவனை இழந்த ஒரு அக்காவினுடையது. மகளின் கலியாணத்துக்கென்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி மட்டும் எரியவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் கருகிப்போயிருந்தது.

மூன்று மணி பஸ்ஸில் சின்னையா வந்து இறங்கினார். கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பணிஸ் பை. சந்தியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்தின் மேற்கு மூலைக்குப் போய், அந்தப் பனங்குற்றியின் முன்னால் குந்தியிருந்தார்.

அன்றிரவு எங்கள் திண்ணையில் நடந்த பேச்சைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் சுமந்திருக்கிறேன். பட்டினத்தில் செல்வாக்கோடு இருந்த அவருடைய உறவினர் ஒருவர் வந்திருந்தார். நான் உள்ளே பாயில் படுத்திருந்தேன், நித்திரை இல்லை. அவர் தணிந்த குரலில் சொன்னார்: "ஒருத்தரும் காணேல்லை. வாடிக்குள்ள பொம்பிளையள் அடுப்பு எரிச்சவை. அங்கயிருந்து பத்தினதெண்டு சொன்னால் ஆர் மறுக்கிறது? அவை வெளியூர்ச் சனம். வாடை தொடங்கினால் போயிடுங்கள்." அப்பா ஒன்றும் பேசவில்லை. சின்னையாவும் பேசவில்லை. வாடிக்காரர்கள் மன்னார்ப் பக்கத்தவர்கள். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வந்து, வாடைக்காற்றோடு திரும்பிப் போகிறவர்கள். அவர்களுக்காக ஊரில் வாய் திறக்க ஒருவரும் இல்லை என்பது உண்மைதான். காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசியது, வாடி கிழக்கே இருந்தது என்பதை யாராவது எடுத்துச் சொல்லும் வரைக்கும் அந்தப் பொய் நின்றிருக்கும்.

பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள். அது இணக்க சபைக்கு வந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டவை அந்தச் சபைகள். ஊரில் மதிப்புள்ள நான்கைந்து பேர் இருந்து, சட்டத்தரணிகள் இல்லாமல், இரண்டு பக்கத்தையும் கேட்டு இணங்க வைப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் அவை இல்லாமற் போயின. 1988இல் வேறொரு சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகளாகத் திரும்பி வந்தன. அப்பா எங்கள் சபையில் ஒரு உறுப்பினர். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் அன்று தான் இருக்க மாட்டேன் என்று விலகி, பள்ளிக்கூட மண்டபத்தின் கடைசி வாங்கில் என்னையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் கேட்டதும் சின்னையா எழுந்தார். "பத்தைக்கு நெருப்பு வைச்சது நான். காத்து இல்லாத நேரம் பாத்துத்தான் வைச்சன். மண் போட்டு மூடினன். தண்ணி ஊத்தேல்லை. மற்றது உங்களுக்குத் தெரியும்."

இவ்வளவுதான். அந்த உறவினர் தலையைக் குனிந்துகொண்டார். வாடிக்காரரின் முதலாளியான சம்மாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தார் என்று நினைக்கிறேன். இழப்புப் பட்டியலை வாசிக்கச் சொன்னபோது வலையையும் கயிற்றையும் சொன்னார், அரிசியையும் கருவாட்டையும் சொல்லாமல் விட்டார். வலையின் பெறுமதியில் பாதியைச் சின்னையா மூன்று தவணையில் கொடுப்பது, வாடிகளைத் திருப்பிக் கட்டுவதற்குக் கிடுகும் கம்பும் ஊர் கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். முதல் தவணைக்கு மகளின் தோடு அடகுக்குப் போனது. மற்ற இரண்டையும் வெங்காயம் கட்டியது.

அக்காவின் விடயம் அப்படி முடியவில்லை. அவருக்கும் ஒரு தொகை தீர்மானித்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. "காசை அவரிட்டயே வைச்சிருக்கச் சொல்லுங்கோ. என்ர பெட்டிக்குள்ள இருந்ததைத் தரச் சொல்லுங்கோ" என்றார். சின்னையாவும் ஊர்ப் பொடியன்களும் சேர்ந்து அவருடைய வீட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். அதில் அவர் குடியிருந்தார். ஆனால் சின்னையாவோடு ஒரு சொல் பேசவில்லை, அவர் செத்தபோது செத்தவீட்டுக்கும் வரவில்லை. பிடிவாதக்காரி என்று சபையில் இருந்தவர்களே சொன்னார்கள். எனக்கு அன்றும் அப்படித் தோன்றவில்லை, இன்றும் இல்லை. மன்னிப்பு என்பது எரித்தவர் கேட்டால் எரிந்தவர் கொடுத்தே ஆக வேண்டிய கடன் கிடையாது. இழப்பீட்டை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது மன்னிப்புக்கு விலையாகாது. சின்னையா அதை எங்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாடைக்கு முன்னும் அந்தக் கூரையை யாரும் கேட்காமலே வேய்ந்து கொடுத்தார். அக்கா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

பிற்காலத்தில் கொழும்பு புதுக்கடையில் சட்டக் கல்லூரியில் படித்தேன். ஒருநாள் தீங்கியல் வகுப்பில் விரிவுரையாளர் ஒரு பழைய ரோமச் சட்ட உதாரணத்தைச் சொன்னார். நம் நாட்டில் ஒருவர் மற்றவருக்குச் செய்த இழப்புக்கு ஈடு கேட்பதற்கு அடிப்படை ரோமன்-ஒல்லாந்துச் சட்டம். திருகோணமலைக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தர் போனபிறகும், ஆங்கிலேயர் வந்தும் போயும், அது இங்கே நிற்கிறது. அதன் வேர் அக்குயிலியா என்ற ரோமச் சட்டம். யுஸ்தீனியன் சக்கரவர்த்தி 533இல் வெளியிட்ட தொகுப்பில், பவுலுஸ் என்ற சட்ட அறிஞர் அந்தச் சட்டத்தை விளக்கும்போது, தாளடியையோ முட்பற்றையையோ எரிக்க ஒருவன் மூட்டிய நெருப்பு பரவி அயலான் பயிரையோ திராட்சைத் தோட்டத்தையோ அழித்தால் என்ன என்று கேட்கிறார். காற்றடிக்கும் நாளில் மூட்டியிருந்தால் அவன் தவறாளி. காற்று இல்லாத நாளானாலும், நெருப்பு அப்பால் போகாமல் பார்க்கத் தவறியிருந்தால் அப்போதும் தவறாளி. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தபின் எதிர்பாராத காற்று கொண்டுபோயிருந்தால் மட்டும் அவன்மேல் குற்றமில்லை.

நான் அன்று குறிப்பு எழுதவில்லை. ரோமாபுரியில் இருந்த ஒருவர் எங்கள் மேற்கு வேலியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சின்னையா முதல் கேள்வியில் தப்புவார். காற்று இல்லாத நேரம்தான் மூட்டினார். இரண்டாவதில் அகப்படுவார். மூன்றாவது அவருக்கு உதவாது, ஏனென்றால் ஆடி மாதத்தில் பதினொரு மணிக்குக் கச்சான் வரும் என்பது நிலாவெளியில் எதிர்பாராத காற்று இல்லை. அந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அது தெரியும்.

இன்னொரு வழக்கையும் அங்கேதான் படித்தேன். 1961இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் கோல்ட்மன் என்பவருடைய காணியில் நின்ற பெரிய மரத்தில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. அவர் மூட்டிய நெருப்பே இல்லை அது. மரத்தை வெட்டி விழுத்துவித்தார். பிறகு தண்ணீர் ஊற்றி அணைக்காமல், எரிந்து முடியட்டும் என்று விட்டார். காற்று எழுந்தது, தணல் உயிர்த்தது, அயலார் காணிகள் எரிந்தன. 1966இல் கோமறைக் கழகம் அவரைப் பொறுப்பாளி என்றது. 1971 வரை நமக்கும் அதுதான் கடைசி மன்று. உன் நிலத்தில் ஆபத்து ஒன்று தானாக முளைத்தாலும், அதை நீ கண்டபின், உன் கைக்கு இயன்ற அளவு அதைத் தடுக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது, இந்தியாவின் 1860ஆம் ஆண்டுக் கோவையைப் பார்த்து எழுதியது. வேண்டுமென்றோ, சேதம் வருமென்று தெரிந்தோ தீ வைப்பது பெருங்குற்றம். அசட்டையால் நெருப்பை ஆபத்தாக விடுவது சிறிய குற்றம். முறையான வேலையை முறையாக, உரிய கவனத்தோடு செய்யும்போது நேர்ந்த விபத்து குற்றமே இல்லை. நீதவான் நீதிமன்றங்களில் நான் நின்ற காலத்தில், "ஐயா, நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்று சொல்லாத எதிரி குறைவு. சட்டத்துக்கு அந்த வசனம் முக்கியம்தான். மனிதனைச் சிறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அதில் தங்கியிருக்கிறது. ஆனால் பலர் அந்த வசனத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்தார்கள். எரிந்தவன் கேட்பது வேறு. நீ அதற்கு முதல் என்ன செய்தாய், அதற்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் அவன் கேள்வி. தீக்குச்சி உரசிய கணத்தைப் பற்றி அவனுக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

அந்தக் கணத்தை மட்டும் பிடித்துத் தொங்கினால் எவ்வளவு அநியாயம் வரும் என்பதற்குக் கும்பகோணம் சாட்சி. 2004 ஜூலை 16ஆம் திகதி, ஸ்ரீ கிருஷ்ணா பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு அடுப்பு மூட்டியதில் பிடித்த தீ கூரைக் கொட்டகைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொன்றது. 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும் 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் தீர்த்தது. பள்ளியின் நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. தண்டிக்கப்பட்டவர்களில் சமையற்காரப் பெண்ணும் ஒருவர். மூன்று வருடம் கழித்துச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனரின் தண்டனையை அனுபவித்த காலத்தோடு குறைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சமையற்காரியின் முகம் தெரியாமலே அவரை நினைத்து மனம் கனத்தது. நெருப்பை மூட்டியது அவருடைய வேலை. பிள்ளைகளுக்குச் சோறு ஆக வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் ஓலைக்கூரையை வைத்தது அவரல்ல. ஒடுங்கிய படிக்கட்டு உள்ள மாடியில் அத்தனை பிள்ளைகளை அடைத்தது அவரல்ல. அந்தக் கட்டடத்தைப் பார்த்துச் சரி என்று கையெழுத்து வைத்ததும் அவரல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் எவரையும் விடாமல் குற்றம் சாட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். நான் சொல்வது பொறுப்பின் அளவைப் பற்றி. தீ பிடிப்பதற்கு மாதங்களுக்கும் வருடங்களுக்கும் முன்னால், வெயில் ஏறாத அலுவலக மேசைகளில் விட்ட பிழைகள் அடுப்படியில் விட்ட பிழையைவிடப் பெரியவை.

எங்கள் கடலிலும் இதே கேள்வி எழுந்தது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு ஏறக்குறைய 2,70,000 தொன் மசகெண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பலின் இயந்திர அறையில் வெடிப்பு நேர்ந்தது. கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் அது எரிந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அந்த எண்ணெய் கொட்டியிருந்தால் பொத்துவில் தொடங்கி எங்கள் ஊர்க் கரைக்கு அப்பால் உள்ள புறாமலைத் தீவு வரையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று மீனவர்கள் பேசிக்கொண்டார்கள். தாங்கிகள் உடையவில்லை. கப்டன் கொழும்பு நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்று 1 கோடி 20 இலட்சம் ரூபாய் தண்டம் கட்டினார்.

அடுத்த வருடம் மேற்குக் கரைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள். அவற்றில் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிந்தது. கசிவு 2021 மே 11ஆம் திகதியே தெரிந்திருந்தது. கட்டாரிலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தக் கொள்கலனை இறக்க முடியவில்லை. கசிகிற பெட்டியோடு கப்பல் கொழும்புக்கு வந்தது. மே 20ஆம் திகதி தீ. ஜூன் 2ஆம் திகதி அது தாழத் தொடங்கியது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கலந்தன. செத்த ஆமைகள் கரை ஒதுங்கின. நீர்கொழும்பு மீனவர்களுக்குத் தொழில் நின்றது. 2025 ஜூலையில் எங்கள் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை வைத்து, கப்பல் நிறுவனத் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது.

இந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது அந்த ஒன்பது நாட்கள்தான். மே 11 தொடங்கி 20 வரை. அமிலம் கசிகிறது என்பது தெரியும். தணல் உயிரோடு இருக்கிறது என்பது தெரியும். துறைமுகங்கள் ஒவ்வொன்றும் எங்களால் முடியாது என்று கைவிரித்தன, கப்பல் அடுத்ததை நோக்கிப் போயிற்று. இதிலே யாரும் வேண்டுமென்று தீ வைக்கவில்லை. ஆனாலும் இதை விபத்து என்று மட்டும் சொல்ல என் வாய் வராது. சின்னையா மண் போட்டுவிட்டு பஸ் ஏறிய மூன்று மணித்தியாலங்களுக்கு அவர் மகளின் தோட்டைக் கொடுத்தார். ஒன்பது நாள் தெரிந்திருந்தவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் அது கூடிப்போகாது என்பது என் எண்ணம். எரிந்தவர்கள் வெளியூர்ச் சனம், பருவம் முடிந்தால் போய்விடுவார்கள் என்று எங்கள் திண்ணையில் சொல்லப்பட்ட அந்தத் தணிந்த குரலைப் பெரிய கம்பனிகளின் சட்ட வாதங்களிலும் நான் கேட்டிருக்கிறேன். வசனம் மாறியிருக்கும், நோக்கம் மாறாது.

சின்னையாவின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவன் என் வகுப்பு. "நெருப்பு வைச்சவன்ர மகன்" என்ற பட்டம் அவனுக்கு ஐந்தாறு வருடம் நின்றது. பொய் சொல்லியிருந்தால் அந்தப் பட்டம் வந்திருக்காது. உண்மையைச் சொன்னதற்கு ஊர் கொடுத்த கூலி அது. சபையில் அவர் எழுந்து நின்றதை எல்லோரும் மெச்சினார்கள், ஆனால் அவர் மூட்டிய அடுப்பிலிருந்து கொள்ளி வாங்க அயலவர் தயங்கினார்கள். அம்மா மட்டும் வேண்டுமென்றே போய் அவர்கள் வீட்டில் தணல் வாங்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்து வருவார். அந்தக் காலத்தில் எனக்கு அது விளங்கவில்லை. ஒருவர் தானாக வந்து பொறுப்பை ஏற்கும்போது அவரைத் தொடர்ந்து தண்டிக்கிற ஊரில், அடுத்தவர் அந்த உறவினர் சொன்ன வழியைத்தான் எடுப்பார். சட்டமும் இதைக் கவனிக்க வேண்டும். தானாக ஏற்றுக்கொண்டு ஈடு செய்பவருக்கும், ஒளித்துப் பிடிபட்டவருக்கும் ஒரே அளவு தண்டனை என்றால், ஒளிப்பதற்கே நாம் ஊக்கம் கொடுக்கிறோம்.

போர் வந்தது. இடம்பெயர்ந்தோம், வந்தோம், மறுபடி போனோம். 2004 மார்கழியில் கடல் வந்து கரையில் மிச்சம் இருந்ததையும் எடுத்தது. வெங்காயத் தோட்டம் இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று விடுதி. ஓட்டுக்கூரையும் சீமெந்துச் சுவரும் வந்தபின் நெருப்புப் பயம் போய்விட்டதாக இளசுகள் நினைக்கிறார்கள். போகவில்லை. விடுதிகள் அழகுக்கென்று கிடுகு வேய்கின்றன, அதற்குக் கீழே மின்வயர் ஓடுகிறது, எரிவாயு அடுப்பு எரிகிறது. பார்க்க வருகிறவர்கள் இரவில் கடற்கரையில் விறகு குவித்துக் கொளுத்தி, பாட்டுப் பாடி, விடியும்போது அணைக்காமல் போகிறார்கள். குப்பையைக் கூட்டி வேலியோரம் எரிக்கிற பழக்கம் எந்த வீட்டிலும் விடுபடவில்லை; அதில் இப்போது பிளாஸ்ரிக்கும் சேர்ந்துவிட்டது. கச்சான் மட்டும் அதே நேரத்துக்கு அதே திசையிலிருந்து வருகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். வைகாசி முதல் ஆவணி வரை திறந்த வெளியில் எரிப்பதைக் குச்சவெளிப் பிரதேச சபை தடை செய்ய வேண்டும். தோட்டக்காரருக்கு எரித்தே ஆக வேண்டுமென்றால், கிராம அலுவலருக்கும் இரண்டு பக்கத்து அயலவருக்கும் முதல்நாளே சொல்லி, விடியலில் எரித்து, மண் போதும் என்று விடாமல் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்து, மத்தியானம் வரை அந்த இடத்தை விட்டு அசையாதிருக்கட்டும். கிடுகு வேய்ந்த விடுதிகளுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள், கையெழுத்து வைக்க முன்னர் அந்தக் கூரைக்குக் கீழே ஒருமுறை போய் நின்று பார்க்கட்டும். கச்சான் மாதங்களில் நிலாவெளியில் ஒரு தண்ணீர் பவுசர் நிரம்பி நிற்கட்டும். இவ்வளவுக்கும் பிறகு யாருடைய கையிலாவது நெருப்பு தவறினால், அவர் அன்றைக்கே போய் எரிந்தவர்களிடம் சொல்லட்டும். சொல்கிறவரின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.